எத்தனை அடி என்பது கடைசிக் கேள்வி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான்களுக்கான வில் வேட்டைக் காலம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. ஆகஸ்ட் பிறந்ததுமே எனக்குத் தொலைபேசி வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, பரணை எத்தனை அடியில கட்டலாம்?" என்று கேட்பார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்து மானுக்காகக் காத்திருக்கும் சிறு மேடையைத்தான் பரண் என்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கார் கம்பெனி வேலையில் இருக்கும் நம் ஆட்கள். பொறியாளர்கள். ஒரு எண் கிடைத்தால் அதை வைத்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள்.

எண்ணைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் நான் பதினெட்டு அடியில் கட்டுகிறேன். ஆனால் அந்தப் பதினெட்டு, நான் முடிவு செய்யும் விஷயங்களில் கடைசியாக வருவது. மான் எந்தத் தடத்தில் வரும், அம்பு எந்தக் கோணத்தில் இறங்கும், காற்று எந்தப் பக்கம் போகும், நான் எந்த வழியாக மரத்துக்கு நடப்பேன் என்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் அடிக்கணக்கு. முதலிலேயே அடியைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற மரத்தைத் தேடினால், ஏறுவதற்கு வசதியான, மான் வராத ஒரு மரம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது அப்படியேதான் இருக்க வேண்டும். இங்கே நிலைமை வேறு. மிச்சிகனில் வெள்ளைவால் மான்கள் சுமார் 20 லட்சம் இருப்பதாக மாநில இயற்கை வளத் துறை மதிப்பிடுகிறது. சாலையில் மான் குறுக்கே பாய்ந்து நடக்கும் விபத்துகள் மட்டும் ஆண்டுக்கு 50 ஆயிரத்துக்கு மேல். மாநிலத்தின் தென்பாதியில் மான்களைக் கட்டுப்படுத்த ஓநாய்க் கூட்டங்கள் இல்லை. உரிமம் வாங்கி, காலத்துக்கும் எண்ணிக்கைக்கும் உட்பட்டுச் செய்யும் வேட்டை இங்கே வன நிர்வாகத்தின் ஒரு பகுதி. வில்லுக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. நவீன வில் வேட்டையைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ஃபிரெட் பேர், 1920களில் பென்சில்வேனியாவில் இருந்து டெட்ராய்ட்டுக்குக் கார்த் தொழிலில் வேலை தேடி வந்தவர். பிறகு 1947இல் வட மிச்சிகனின் கிரேலிங் ஊருக்குத் தன் வில் தொழிற்சாலையைக் கொண்டுபோனார். வேலைக்காக இதே ஊருக்கு வந்து சேர்ந்தவன் என்ற முறையில் அவர் கதை எனக்குப் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்பு எப்படிக் கொல்கிறது என்பதில் இருந்துதான் பரணைப் பற்றிய யோசனை தொடங்க வேண்டும். துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அம்புக்குக் கிடையாது. கூர்மையான அலகுகள் ரத்த நாளங்களை அறுத்து, ரத்தம் போய்த்தான் விலங்கு சாகிறது. இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவிய அம்பு என்றால் மான் சில விநாடிகள் ஓடி, பெரும்பாலும் நூறு யார்டுக்குள் விழுந்துவிடும். ஒரு நுரையீரல் மட்டும் கிழிந்தால் அது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கலாம், வெகுதூரம் போகலாம், கண்டுபிடிக்க முடியாமலே போகலாம். ஓர் உயிரை எடுக்கப் போகிறேன் என்றால் அதை விரைவாக எடுக்கும் கடமை எனக்கு இருக்கிறது. பரணின் உயரம் அந்தக் கடமையை நேரடியாகத் தொடுகிறது. அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பரணின் பலகை 20 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று வில்லை இழுத்தால் அம்பு கிளம்பும் இடம் இன்னும் ஐந்தடி மேலே, அதாவது 25 அடி. மானின் நுரையீரல் தரையில் இருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில். ஆக, அம்பு 22½ அடி இறங்க வேண்டும். மான் இருபது யார்டு தள்ளி, அதாவது மரத்தில் இருந்து 60 அடியில் நின்றால் அம்பு சுமார் 21 டிகிரி சாய்ந்து இறங்கும். பத்து யார்டில் அது 37 டிகிரி. ஐந்து யார்டில் 56.

மானின் மார்பு சுமார் ஓர் அடி அகலம். 21 டிகிரியில் போகும் அம்பு அந்த ஓரடியைக் கடப்பதற்குள் நாலரை அங்குலம் கீழே இறங்குகிறது. மேல்பாதியில் நுழைந்து கீழ்ப்பாதியில் வெளியேறும், இரண்டு நுரையீரலும் வழியில் இருக்கும். 37 டிகிரியில் ஒன்பது அங்குலம் இறங்குகிறது. நுரையீரல் பகுதியின் உயரமே எட்டு, ஒன்பது அங்குலம்தான் என்பதால் இது ஏற்கெனவே நெருக்கடி. இப்போது பரணை 30 அடிக்கு ஏற்றுங்கள். பத்து யார்டில் கோணம் 47 டிகிரி, இறக்கம் 13 அங்குலம். எங்கே குறி வைத்தாலும் இரண்டு நுரையீரல்களின் நடுவையும் சேர்த்துத் துளைக்க முடியாது. ஒன்று கிடைக்கும், மற்றொன்று ஓரத்தில் உரசும், அல்லது அதுவும் இல்லை. அதே முப்பதடிப் பரணில் இருந்து இருபது யார்டில் நிற்கும் மானுக்கு 28 டிகிரி, ஆறரை அங்குலம். அது பரவாயில்லை. ஆக, உயரத்தையும் தூரத்தையும் தனித்தனியாக முடிவு செய்யவே முடியாது. ஏற ஏற, தடத்தைவிட்டு விலகிப் போக வேண்டும். விலகினால் அம்பு பறக்கும் நேரம் கூடும்.

அந்த நேரமும் முக்கியம். இரு முனைகளிலும் கப்பி பொருத்திய நவீன வில்லான ஒரு நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பு விநாடிக்கு 280 அடி போகிறது என்றால் இருபது யார்டைக் கடக்க 0.21 விநாடி ஆகும். நாண் அதிரும் சத்தம் விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் பயணிப்பதால் அது 0.05 விநாடியிலேயே மானின் காதில் விழுந்துவிடும். மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடலைக் கீழே இறக்கும், அம்பு முதுகுக்கு மேலே போகும். முப்பது யார்டில் அம்புக்கு 0.32 விநாடி. அந்தக் கூடுதல் ஒரு கணம் மானுக்குப் போதும். இதனால்தான் தடத்தில் இருந்து பதினைந்து முதல் இருபது யார்டு தள்ளி நிற்கும் மரத்தைத் தேடுகிறேன். தடத்தின் மேலேயே நிற்கும் மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன். நேர் கீழே நிற்கும் மானின் முதுகெலும்பும் தோள்பட்டையும்தான் அம்புக்குத் தெரியும், நுரையீரல் அவற்றின் அடியில் ஒளிந்திருக்கும்.

என் நண்பர் ஒருவர் முப்பது அடிக்கு மேல்தான் கட்டுவார். ஒரு நவம்பர் மாலை அவர் அடித்த மானைத் தேட நானும் போனேன். அம்பு முதுகுக்குச் சற்றுக் கீழே நுழைந்திருந்தது, மறுபக்கம் வெளியே வரவில்லை. மேலே மட்டும் ஓட்டை இருந்தால் ரத்தம் மார்புக் கூட்டுக்குள்ளேயே நிரம்பும், தரையில் சொட்டாது. இலைகளில் அங்கொரு துளி, இங்கொரு துளி. நள்ளிரவு வரை கைவிளக்கோடு குனிந்து நடந்தோம். மறுநாள் கயிற்றில் பிடித்த மோப்ப நாயோடு ஒருவரை வரவழைத்தார். மிச்சிகனில் அதற்கு அனுமதி உண்டு. மான் கிடைக்கவில்லை. அந்த நண்பர் கை நடுங்காத நல்ல வில்லாளி. குறி சரியாகவே இருந்தது, கோணம்தான் அவரைக் கைவிட்டது. கீழ்ப்பக்கத்தில் வெளியேறும் துளை எவ்வளவு பெரிய வரம் என்பதை இப்படி ஓர் இரவு தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் ஏன் ஏற வேண்டும், தரையிலேயே உட்காரலாமே என்று கேட்கலாம். உட்காரலாம். ஆனால் மானின் கண்ணை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அமைந்த கண்கள், கிடைமட்டமாக நீண்ட பாவை. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி முக்கால் வட்டத்துக்கு மேல் பார்க்கும். விழித்திரையில் பார்வை உயிரணுக்கள் தொடுவானத்துக்கு இணையாக ஒரு பட்டையாக அடர்ந்திருக்கின்றன. தரைமட்டத்தில் எது அசைந்தாலும் அந்தப் பட்டையில் விழும். நாம் மேலே ஏறுவது அந்தப் பட்டையைவிட்டு வெளியேறத்தான். நிறத்தைப் பொறுத்தவரை அதற்கு ஆரஞ்சும் சிவப்பும் நமக்குத் தெரிவது போலத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒளியூட்டும் சேர்மம் கலந்த சோப்புத்தூளில் வேட்டைத் துணியைத் துவைக்க வேண்டாம் என்கிறார்கள். உருமறைப்புத் துணியைவிட அசையாமல் இருப்பது பலமடங்கு பெரிய மறைவு என்பது என் அனுபவம்.

மான் மேலே பார்க்காது என்ற பேச்சை நம்ப வேண்டாம். வேட்டை அதிகம் நடக்கும் தென் மிச்சிகனில் வயதான பெட்டை மான்கள் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரும். அவற்றின் கண்ணில் இருந்து நம்மைக் காப்பாற்றுவது பின்னணி. நமக்குப் பின்னால் தண்டும் கிளைகளும் இலைகளும் இருந்தால் பதினைந்தடியில்கூடக் கரைந்துவிடலாம். பின்னால் வெறும் வானம் இருந்தால் இருபத்தைந்து அடியிலும் உருவம் கறுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உயரத்தைக் கூட்டும்போது பல மரங்களில் கிளைகள் உள்ள பகுதியைத் தாண்டி மொட்டைத் தண்டுக்குப் போய்விடுகிறோம், அல்லது சுற்றியுள்ள புதர் மறைவு கீழே போய்விடுகிறது. மறைவு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தில் உட்கார வேண்டும்.

இதில் காலமும் சேர்ந்துகொள்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் பச்சையாக மூடிக்கிடந்த மேப்பிள் மரம், நவம்பர் முதல் வாரத்தில் விளக்குக் கம்பம் போல நிற்கும். ஆண் மான்கள் பெட்டையைத் தேடி அலையும் உச்சகட்டமும் அதே நவம்பர் முதல் பாதிதான். இதற்காக இரண்டு வகை மரங்களைக் குறித்து வைக்கிறேன். காய்ந்த இலைகளைக் குளிர்காலம் வரை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் ரெட் ஓக், பீச் மரங்கள் ஒரு வகை. பைன், சீடர் போன்ற ஊசியிலை மரங்கள் இன்னொரு வகை. இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரிந்து வளர்ந்த மரம் கிடைத்தால் அதை விடமாட்டேன்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது ஆஷ் மரத்தைச் சொல்லாமல் போக முடியாது. மரகதப் பச்சை நிறத்தில் ஒரு சிறு வண்டு, ஆசியாவில் இருந்து வந்தது, 2002இல் இந்த டெட்ராய்ட் பகுதியில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. அன்று முதல் அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. இன்றும் காடுகளில் செத்த ஆஷ் மரங்கள் நேராக, சரியான பருமனில், பரண் கட்டவே வளர்ந்தவை போல நிற்கின்றன. செத்த ஆஷ் மிக விரைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பட்டை உரிந்து, அடியில் வளைந்து வளைந்து போகும் புழுப்பாதை தெரிந்தால் அந்த மரத்தில் கையைக்கூட வைக்காதீர்கள். உயிருள்ள மரத்தில் மட்டும்தான் ஏற வேண்டும். ஷாக்பார்க் ஹிக்கரி மரம் உயிரோடு இருந்தாலும் அதன் பட்டைகள் தகடு தகடாகத் தொங்கும், ஒவ்வொரு அசைவுக்கும் உரசிச் சத்தம் போடும். அதையும் தவிர்க்கிறேன்.

இப்போது நிலத்தைப் பார்க்கலாம். நான் அதிகம் போவது ஜாக்சன், வாஷ்டெனா கவுண்டிகளில் பரந்துகிடக்கும் வாட்டர்லூ பொழுதுபோக்குக் காடு. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல். பனியாறுகள் விட்டுப்போன மண்மேடுகளும், மேடுகளுக்கு இடையே சதுப்புகளும் மாறி மாறி வரும் நிலம். மேட்டில் ஓக், பள்ளத்தில் டாமராக் என்னும் சதுப்பு நிலத்து மரமும் புதரும். இலையுதிர் காலத்தில் சாண்ட்ஹில் கொக்குகள் கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போகும். அதைக் கேட்பதற்காகவே ஒரு மாலை அங்கே போய் உட்காரலாம்.

இந்த மாதிரி மேடுபள்ள நிலத்தில் பரணின் உயரத்தை மரத்தடியில் இருந்து அளப்பதில் அர்த்தமில்லை. மான் நடக்கும் தரையில் இருந்து அளக்க வேண்டும். மேட்டின் சரிவில் ஒரு மரத்தில் இருபது அடி ஏறியிருக்கிறீர்கள். இருபது யார்டு தள்ளி மேட்டுப் பக்கமாக ஓடும் தடம் மரத்தடியைவிடப் பன்னிரண்டு அடி உயரத்தில் இருந்தால், அந்த மானுக்கு நீங்கள் எட்டடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேர். அதே மரத்தில் பள்ளத்துப் பக்கம் வரும் மானுக்கோ நீங்கள் முப்பத்திரண்டு அடியில் இருக்கிறீர்கள், அம்புக் கோணம் கெட்டுப்போகும். ஒரே பரண், இரண்டு உயரங்கள். சரிவில் மரம் தேடும்போது, தடத்தில் நான் போய் நின்று, மரத்தைத் திரும்பிப் பார்த்து, தண்டில் எந்த இடம் என் கண்மட்டத்துக்கு நேராக வருகிறது என்று குறித்துக்கொள்கிறேன். அங்கிருந்துதான் என் அடிக்கணக்கு தொடங்கும்.

மானின் மூக்கு அதன் கண்ணைவிட ஆபத்தானது. உயரமாகப் போனால் நம் மணம் மானின் தலைக்கு மேலே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்ச தூரத்துக்கு அது உண்மை. காற்று வீசும்போது மணம் பக்கத்தில் உள்ள மானைத் தாண்டி, தள்ளி எங்கோ தரையிறங்கும். காற்று அடங்கியபோது நிலைமை மாறுகிறது. இங்குள்ள வேட்டைக்காரர்கள் தெர்மல் என்று சொல்லும் காற்றோட்டம் வேலையைத் தொடங்குகிறது. காலையில் வெயில் தரையைச் சூடாக்கியதும் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும். மாலையில் தரை குளிர்ந்ததும் கனத்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி வடியும். மாலையில் மேட்டில் உட்கார்ந்திருப்பவரின் மணம் நேராக மரத்தடிக்கு இறங்கி, சரிவில் வழிந்து, கீழே சதுப்பில் படுத்திருக்கும் மான்களிடம் போய்ச் சேரும். முப்பது அடி ஏறியிருந்தாலும் அப்படித்தான். மணத்தைப் போக்கும் தெளிப்பான்கள் எத்தனையோ கடையில் விற்கின்றன. சுத்தமாக இருப்பது நல்லதுதான், ஆனால் காற்றுக்கு எதிராக எந்தப் புட்டியும் என்னைக் காப்பாற்றியதில்லை.

காற்றைப் பார்க்க என்னிடம் இருப்பது மில்க்வீட் பஞ்சு. நம் ஊர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு, சிறு வயதில் தாத்தா பூச்சி என்று துரத்தினோமே, அதே மாதிரி பறக்கும். மானார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இந்தச் செடியைத் தின்றுதான் வாழ்கின்றன என்பதால் செடியைத் தொந்தரவு செய்யாமல் முற்றிய காய் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்வேன். பரணில் இருந்து ஓர் இழையை விட்டால் அது நூறு யார்டு வரை கண்ணுக்குத் தெரியும். எங்கே நேராகப் போகிறது, எந்தப் பள்ளத்தில் திரும்புகிறது, எந்த மேட்டில் மோதிச் சுழல்கிறது என்று பார்க்கலாம். வானிலைச் செயலி வடமேற்குக் காற்று என்று சொல்லும். மேட்டின் மறைவில் பஞ்சு தெற்கில் இருந்து வடக்காகப் போய்க்கொண்டிருக்கும். நான் பஞ்சைத்தான் நம்புகிறேன்.

ஒரு மரம் எல்லாக் காற்றுக்கும் ஒத்துவராது. இங்கே குளிர்முனை, அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடந்த பிறகு வடமேற்குக் காற்றுதான் அதிகம், மான்கள் நன்றாக நடமாடுவதும் அந்த நாட்களில்தான். முதல் பரணை அதற்காகவும், முடிந்தால் தடத்தின் எதிர்ப்பக்கம் இன்னொரு மரத்தைத் தென்காற்றுக்காகவும் வைத்துக்கொள்கிறேன். ஆண் மானைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பம் உண்டு. வயதான ஆண் மான் காற்று தனக்குச் சாதகமாக இருக்கும் வழியில்தான் நடக்கும், குறிப்பாகப் பெட்டைகள் படுக்கும் புதரின் மணத்தைக் காற்று கொண்டுவரும் பக்கமாகவே சுற்றி வரும். காற்று முழுவதுமாக எனக்குச் சாதகமாக இருக்கும் மரத்துக்கு அது வராமலே போகலாம். காற்று மானுக்கு ஏறக்குறையச் சாதகமாகவும், என் மணம் அதன் தடத்தை மயிரிழையில் விலகிப் போகும்படியாகவும் அமைய வேண்டும். இதைக் கணித்து ஒரு மரத்தில் ஏறி, கணித்தபடியே ஒரு மான் வருவதைப் பார்ப்பது எனக்கு இந்தக் காட்டில் கிடைத்த மிகப்பெரிய சந்தோஷங்களில் ஒன்று. அம்பு விடாத நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தடத்தை எங்கே தேடுவது? தென் மிச்சிகனில் 2019இல் தீவனம் கொட்டி மானை வரவழைப்பது தடைசெய்யப்பட்டது. மான்களிடையே பரவும் நோய்களுக்காக வந்த தடை, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மானின் இயல்பான நடமாட்டத்தைப் படித்தாக வேண்டும். வெள்ளை ஓக்கின் கொட்டைகளில் துவர்ப்பு குறைவு, செப்டம்பர், அக்டோபரில் அவை விழும் இடம்தான் பருவத் தொடக்கத்தில் மான்களின் பந்தி. ரெட் ஓக் கொட்டைகள் பிற்பாடு, பனிக்காலம் வரைக்கும். படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவே தடம் குறுகும் இடங்களைப் பாருங்கள். இரண்டு சதுப்புகளுக்கு இடையே ஒரு மேட்டு நாக்கு, ஓடையைக் கடக்கும் துறை, சோளக்காட்டின் உள்மூலை, இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த சேணம் போன்ற இடம்.

நல்ல தடம் கிடைத்தாலும், மான்களைக் கலைக்காமல் அங்கே போகவும் இருட்டிய பிறகு இறங்கி வெளியேறவும் வழி இல்லையென்றால் அந்த மரத்தை விட்டுவிடுகிறேன். இதைச் செய்ய மனம் வராதுதான். ஆனால் காலையில் இருட்டில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே நடந்து போனால், ஏறி உட்காரும் முன்பே வேட்டை முடிந்துவிடுகிறது. ஓடையில் கால் நனைத்து நடப்பது, மேட்டின் மறைவில் சுற்றிப் போவது, இருபது நிமிடம் கூடுதலாக நடப்பது எல்லாம் பரணை ஐந்தடி ஏற்றுவதைவிடப் பலன் தருபவை.

மரத்தின் எந்தப் பக்கத்தில் கட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். வலக்கைக்காரர் வில்லை இடக்கையில் பிடிப்பதால் இடப்பக்கம் வரும் மானுக்கு எழுந்து திரும்பாமலே குறி வைக்கலாம். ஆகவே, மான் எனக்கு இடப்புறமாக வரும்படி பரணைத் திருப்பிக் கட்டுகிறேன். காலையில் கிழக்கு முகத்தில் வெயில் அடித்தால் என் கன்னமும் கைகளும் மின்னும், அதனால் சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அரசுக் காட்டில் அம்பு போகும் பாதைக்காகக் கிளைகளை வெட்டச் சட்டம் அனுமதிக்காது. இயற்கையாகவே இடைவெளிகள் உள்ள மரமாகத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. மானின் தலை ஏதாவது ஒரு தண்டுக்குப் பின்னால் மறையும் இடமும் வேண்டும், வில்லை இழுப்பதற்கு அந்த ஒரு நொடிதான் கிடைக்கும்.

தூரத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. இருபது அடிப் பரணில் இருந்து, பத்து யார்டு தள்ளி நிற்கும் மானைத் தூரமானியால் அளந்தால் சாய்வுக்கோட்டில் பன்னிரண்டரை யார்டு என்று காட்டும். புவியீர்ப்பு அம்பைக் கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்பத்தான் இழுக்கிறது. பத்து யார்டு என்று நினைத்துத்தான் விட வேண்டும். கோணத்தைத் திருத்திக் காட்டும் தூரமானிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. நான் உட்கார்ந்ததும் சுற்றியுள்ள மரங்களின் தூரத்தை, என் கண்மட்டத்தில் தண்டுகளைக் குறிவைத்து அளந்து மனதில் வைத்துக்கொள்வேன். விடும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும், இல்லையென்றால் அம்பு எங்கோ போகும். வீட்டுத் தோட்டத்தில் தரையில் நின்று மட்டும் பழகியவர்களுக்கு இது தெரியாது. ஏணி வைத்தாவது மேலிருந்து விட்டுப் பழகுங்கள்.

இனி, மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்ல வேண்டியது. பரணில் இருந்து விழுவதுதான் மான் வேட்டையில் பலத்த காயங்களுக்கு முக்கியக் காரணம். அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும், பலகைக்கும் ஏணிக்கும் இடையே கால் மாற்றும்போதும். உடலை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையான முழு உடல் ஹார்னெஸ் இல்லாமல் தரையை விட்டுக் கால் எடுக்கக் கூடாது. பரணுக்கு மேலே மரத்தில் கட்டிய உயிர்க்கயிறு ஒன்று தரை வரை தொங்க வேண்டும். அதில் புரூசிக் முடிச்சை, அதாவது கையால் தள்ளினால் நகர்ந்து, எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் முடிச்சைத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும், தரையில் நிற்கும்போதே கோத்துக்கொண்டு, திரும்பத் தரையைத் தொட்ட பிறகே கழற்ற வேண்டும். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறவே கூடாது, உட்கார்ந்த பிறகு கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். ஹார்னெஸில் அசையாமல் தொங்குவதும் ஆபத்து. கால்களில் ரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், அதனால் கால் வைத்து அழுத்துவதற்கான பட்டையும் கைபேசியும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஹார்னெஸைத் தயாரித்த தேதியில் இருந்து ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடச் சொல்கிறார்கள் பரண் தயாரிப்பாளர் சங்கத்தினர். பெரும்பாலான பரண்கள் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதில் உங்கள் எடையோடு கனத்த குளிர்த் துணி, பை, வில் எல்லாம் சேரும். எத்தனை அடி என்று கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது, "ஏறும்போதே கயிறு கோத்துக்கிறியா?" என்பதைத்தான். பதில் தயங்கினால் பேச்சு அங்கேயே நிற்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

உயரத்தைக் குறைவாக வைக்க நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பதினெட்டு அடியில் கால் தெளிவாக இருக்கும், மனம் நிதானமாக இருக்கும், இருபது யார்டில் அம்பின் கோணம் 19 டிகிரிதான். மறைவு நன்றாக இருந்தால் பதினான்கு, பதினைந்து அடியிலும் கட்டியிருக்கிறேன். இருபத்திரண்டுக்கு மேல் போனது மிகச் சில மரங்களில், அதுவும் தடம் மேட்டில் இருந்ததால்.

அரசு நிலத்தில் பரண் எளிதில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், பெயரும் முகவரியும் அல்லது ஓட்டுநர் உரிம எண் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும், மரத்தைத் துளைக்கும் திருகுப்படிகள் கூடாது. செப்டம்பர் 1க்கு முன் வைக்கக் கூடாது, மார்ச் 1க்குள் எடுத்துவிட வேண்டும். 1960ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் இயற்கை வளத் துறையின் கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள்.

பரண்களைக் கழற்றப் போகும் பிப்ரவரி இறுதிதான் அடுத்த பருவத்துக்கு மரம் தேட மிக நல்ல நேரம். இலை இல்லை, புதர் இல்லை, பனியில் தடங்கள் நடைபாதை போலத் தெரியும். நவம்பரில் ஆண் மான்கள் கொம்பை உரசிய தண்டுகள் வெளுத்து வரிசையாக நிற்கும், எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்று பார்த்தால் எந்தத் திசையில் இருந்து வந்தது என்பதுகூடத் தெரியும். கலைத்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் படுக்கைப் புதருக்குள்ளேயே நடந்து பார்க்கலாம். இந்த முறை ஒரு சதுப்பின் ஓரத்தில், இரண்டு தண்டாகப் பிரிந்த ரெட் ஓக் ஒன்றைக் கைபேசி வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அதைவிட நாலடி தாழ்வான தரையில், பதினெட்டு யார்டு தள்ளித் தடம் போகிறது. தண்டில் பதினான்கு அடி ஏறினால் மானுக்கு நான் பதினெட்டு அடி. ஓடை வழியாக உள்ளே போய்விடலாம். மாலையில் காற்று சதுப்புக்குள் வடியும் இடம் அது, அதனால் வடமேற்குக் காற்று ஓரளவு பலமாக வீசும் நாட்களில் மட்டும் அங்கே ஏறுவேன். மற்ற நாட்களுக்கு வேறு மரம் பார்க்க வேண்டும்.